சித்திரக்கதை ஸ்கிரிப்டில் ஓவியருக்குக் காட்சிக் குறிப்பு எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

"சூசை அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து, மழையில் இறங்கி, ஓடிப்போய், தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தார்."

சிறுகதையில் இப்படி ஒரு வாக்கியம் வந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இதுவே சித்திரக்கதை ஸ்கிரிப்டில் 'கட்டம் 3' என்ற தலைப்பின்கீழ் வரும்போது, ஓவியர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கிறார். விளக்கை எடுக்கும் சூசையை வரைவதா, கதவைத் திறக்கும் சூசையை வரைவதா, மழையில் ஓடுகிற சூசையையா, குனிந்திருக்கும் சூசையையா? வாக்கியம் ஒன்றுதான்; அதற்குள் ஐந்து படங்கள் இருக்கின்றன.

எடுத்துக்காட்டுக்காக அந்தச் சூசையையே கடைசிவரை வைத்துக்கொள்கிறேன். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைப் புயல் தாக்கியபோது, பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் ஊரை நெருங்கிய நிலையில் கடல் அலையில் சிக்கி, நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கிப்போனது. அந்த ரயிலுக்காகத் தனுஷ்கோடி நிலையத்தில் காத்திருக்கும் பாயின்ட்ஸ்மேன் (தண்டவாளத்தில் ரயில் செல்லும் தடத்தை மாற்றிவிடும் ஊழியர்) ஒருவரைக் கற்பனையாக உருவாக்கி, அவருக்குச் சூசை என்று பெயர் வைத்திருக்கிறேன். நிகழ்ச்சி உண்மை, சூசை கற்பனை.

முதல் படி: எழுதுவதற்கு முன் பக்கத்தை அளந்துகொள்ளுங்கள்

எந்த அளவுப் பக்கத்தில் அச்சாகப்போகிறது என்பது தெரியாமல் ஒரு கட்டத்தைக்கூட எழுதக் கூடாது. அமெரிக்க காமிக்ஸ் இதழ் ஏறத்தாழ 6⅝ அங்குல அகலமும் 10¼ அங்குல உயரமும் கொண்டது. ஓவியர் அதை 11×17 அங்குலத் தாளில் பெரிதாக வரைய, அச்சில் அது சுருங்குகிறது. தமிழ் வாசகர்களுக்கு நன்கு பழக்கமான இத்தாலியின் பொனெல்லி பதிப்பகத்துச் சித்திரக்கதை இதழ்கள் 16×21 சென்டிமீட்டர் அளவில், பெரும்பாலும் மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு கட்டம் என்ற ஒழுங்கில் அமைந்தவை. பிரெஞ்சு, பெல்ஜிய ஆல்பங்கள் ஏறக்குறைய ஏ4 தாளின் அளவில் இருப்பதால், அவற்றின் ஒரு பக்கத்தில் பத்துக் கட்டங்கள் வந்தாலும் மூச்சு முட்டுவதில்லை. பத்துக் கட்டம் தாங்கும் ஆல்பப் பக்கத்தைக் கண்டு பழகிய ஒருவர், அதே எண்ணிக்கையைக் கையடக்கப் புத்தகத்துக்கு எழுதினால், ஓவியருக்கு மிஞ்சுவது தலைகளை மட்டும் வரையும் வேலைதான்.

எண்ணிக்கையோடு எடையையும் கணக்கில் கொள்ளுங்கள். கூட்டக் காட்சி, முழு நிலையக் கட்டடம், கொந்தளிக்கும் கடல் ஆகிய மூன்றும் ஒரே ஆறு கட்டப் பக்கத்தில் வந்தால் அந்தப் பக்கம் ஓவியரின் ஒரு வாரத்தை விழுங்கிவிடும். ஒரு பக்கத்துக்கு ஒரு கனமான கட்டம் போதும், மற்றவை அதைத் தாங்கட்டும் என்பது என் கணக்கு.

இரண்டாம் படி: வினையெச்சங்களை எண்ணுங்கள்

ஒரு கட்டம் என்பது ஓடாமல் நிற்கும் ஒரு கணம். இந்த விதியை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள், ஆனாலும் எழுத உட்கார்ந்தவுடன் எல்லாரும் மீறுகிறார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் கூடுதலாக மீறுவதற்கு நம் இலக்கணமும் ஒரு காரணம். எடுத்து, திறந்து, இறங்கி, ஓடி என்று வினையெச்சங்களைப் பூக்கோப்பது போலக் கோத்துக்கொண்டே போகலாம். கடைசியில் ஒரு முற்று வினையை வைத்து முடிச்சுப் போட்டால் வாக்கியம் நிறைந்துவிடும். முற்று வினை ஒன்றே ஒன்று என்பதால் செயலும் ஒன்றுதான் என்று காது நம்பிவிடுகிறது.

எனவே ஒவ்வொரு கட்டத்தின் குறிப்பையும் எழுதி முடித்தபின், அதில் உள்ள வினையெச்சங்களை எல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டமும் தனிக் கட்டம் கேட்கக்கூடிய ஒரு செயல். எல்லா வட்டமும் குற்றவாளியும் அல்ல: 'குனிந்து பார்க்கிறார்' என்பதில் குனிவதும் பார்ப்பதும் ஒரே உடல்நிலை, 'சுவரில் சாய்ந்து நிற்கிறார்' என்பதும் அப்படியே. 'கதவைத் திறந்து ஓடுகிறார்' அப்படியல்ல; திறக்கும் கை தாழ்ப்பாளில் இருக்கும்போது கால்கள் வெளியே ஓட முடியாது. இரண்டு செயலையும் ஒரே உடல் ஒரே நொடியில் செய்ய முடியுமா என்று நீங்களே எழுந்து நின்று செய்து பார்த்துவிடலாம். வீட்டில் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். ஓவியர் சிரிப்பதைவிட அது மேல்.

அடுத்தது காலம். 'கதவைத் திறந்தார்' என்று எழுதினால், கதவு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது ஓவியருக்குத் தெரியாது. 'கதவு பாதி திறந்திருக்கிறது. சூசையின் வலக்கால் வாசற்படிக்கு வெளியே இருக்கிறது' என்று எழுதினால் கேள்விக்கே இடமில்லை. நனைந்திருக்கிறது, உடைந்திருக்கிறது, சாய்ந்திருக்கிறது, தொங்கிக்கொண்டிருக்கிறது என 'இரு' என்னும் துணைவினை, முடிந்த செயலையும் நிற்கும் நிலையையும் ஒருங்கே சொல்லிவிடுகிறது. சித்திரக்கதைக்கென்றே தமிழ் வைத்திருக்கும் வினை இது என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

எந்தக் கணத்தைத் தேர்வது என்பதுதான் எழுத்தாளரின் உண்மையான வேலை. விளக்கு கீழே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து நழுவிய கணத்தை வரைந்தால் பதற்றம் வரும். கண்ணாடி சிதறும் கணத்தை வரைந்தால் அதிர்ச்சி வரும். உடைந்த சில்லுகளையும் அணைந்த திரியின் புகையையும் மட்டும் வரைந்தால், விழுந்ததை வாசகரே இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியில் கற்பனை செய்துகொள்வார். முதலில் சொன்ன சூசை வாக்கியத்துக்கும் ஐந்து கட்டங்கள் தேவையில்லை. விளக்கைப் பற்றிய கை ஒரு கட்டம், தண்டவாளத்தின்மேல் குனிந்திருக்கும் சிறிய உருவம் இன்னொரு கட்டம். கதவும் ஓட்டமும் அந்த இடைவெளிக்குள் நடந்து முடிந்துவிடும்.

மூன்றாம் படி: ஒருவருக்கு ஒரே பெயர்

தமிழில் எழுவாயை விட்டுவிட்டே பக்கக்கணக்கில் எழுதலாம். வினைமுற்றின் விகுதி ஆளைக் காட்டிவிடும். ஸ்கிரிப்டில் இந்தச் சிக்கனம் வேண்டாம். ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கிறவர்கள் யார் யார் என்பதைப் பெயர் சொல்லியே எழுதுங்கள், அதுவும் எல்லாக் கட்டத்திலும் ஒரே பெயரால். என் தொடக்கக்கால ஸ்கிரிப்ட் ஒன்றில், மூன்றாம் பக்கத்தில் 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்று எழுதியவரை ஐந்தாம் பக்கத்தில், நடை அழகாக இருக்கட்டும் என்று, 'பெரியவர்' என்று எழுதிவிட்டேன். ஓவியர் இரண்டு பேரை வரைந்திருந்தார். இரண்டாமவருக்கு நரைத்த தாடியும் இருந்தது. பென்சில் கோடுகளின்மேல் மைபூசி முடித்த பக்கங்கள் கைக்கு வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பிழை முழுக்க என்னுடையது.

நான்காம் படி: தூரத்தை முதலில் சொல்லுங்கள்

வினை கடைசியில் நிற்கும் மொழி நம்முடையது. 'மழைச்சாரல் தெறிக்கும் ஜன்னலுக்கு வெளியே பனைகள் வளைந்திருக்க, மங்கிய வெளிச்சத்தில் மேசைமேல் கிடக்கும் பழைய பதிவேட்டின்மீது ஊன்றியிருக்கும் கை குளோஸ்-அப்பில் தெரிகிறது' என்று எழுதினால், ஓவியர் மனத்தில் ஜன்னலையும் பனைகளையும் வரைந்து முடித்தபிறகுதான், தான் வரையவேண்டியது ஒரு கையை மட்டும் என்று அறிகிறார். எனவே முதல் சொல்லாக லாங் ஷாட், மிட் ஷாட், குளோஸ்-அப் என்று தூரத்தைத் தனியே வைத்துவிடுங்கள். பிறகு இடமும் வெளிச்சமும், பிறகு ஆட்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்பது, பிறகு அந்த ஒற்றைச் செயல், கடைசியாக முகபாவம் என்ற வரிசை எனக்குப் பழகிப்போன வரிசை. வேறு வரிசை வைத்துக்கொண்டாலும் தவறில்லை, கடைசிப் பக்கம்வரை அதை மாற்றாமல் இருந்தால் சரி.

சினிமாவிலிருந்து சொற்களைக் கடன் வாங்கும்போது சினிமாவின் அசைவையும் சேர்த்து வாங்கிவிடக் கூடாது. 'கேமரா மெல்ல அவர் முகத்தை நெருங்குகிறது' என்று ஒரு கட்டத்தில் எழுத முடியாது. நெருங்க வேண்டுமானால், ஒரே கோணத்தில் மூன்று கட்டங்களை ஒதுக்கி, ஒவ்வொன்றிலும் முகத்தைப் பெரிதாக்கச் சொல்ல வேண்டும். அதற்கு அந்தப் பக்கத்தில் பாதி இடம் போகும். அந்த விலைக்கு அந்த நெருக்கம் தகுமா என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.

பின்னால் தேவைப்படும் பொருளை முன்னாலேயே வைத்துவிடுவதும் இந்தப் படியைச் சேர்ந்ததே. நான்காம் கட்டத்தில் சூசை கையில் விளக்கு இருக்க வேண்டுமானால், இரண்டாம் கட்டத்தில் அது மேசைமேல் இருந்தாக வேண்டும். எந்தக் கையில் பிடிக்கிறார், சட்டை எப்போது நனைகிறது, தலையில் துண்டு இருக்கிறதா என்பவற்றைக் கட்டந்தோறும் திரும்பத் திரும்ப எழுதாமல், காட்சியின் தலைப்பில் 'இந்தக் காட்சி முழுவதும்' என்று தொடங்கி ஒருமுறை எழுதிவிட்டால் போதும்.

ஐந்தாம் படி: வரைய முடியாததை வரையக்கூடியதாக்குங்கள்

'பத்தாண்டுகளாகச் சூசைக்கு இந்த நிலையம்தான் வீடு' என்பதை எந்த ஓவியராலும் வரைய முடியாது. அறை மூலையில் சுருட்டி வைத்த பாய், அலமாரிமேல் சிறிய மாதா படம், அதன் முன்னால் கருகிய திரி, ஆணியில் தொங்கும் ஒட்டுப்போட்ட குடை ஆகியவற்றை வரைய முடியும். காற்றின் ஓசையும் இப்படித்தான். அதை எழுத்துகளால் ஊளையிடச் செய்வதற்கு முன்னால், வளைந்த பனைகளாலும் கிடையாகப் பறக்கும் துண்டாலும் காட்டப் பாருங்கள். காற்றுக்குத் திசை உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். முதல் கட்டத்தில் வலமிருந்து இடமாக அடிக்கும் புயல் மூன்றாம் கட்டத்தில் காரணமில்லாமல் திரும்பி அடித்தால், வாசகருக்குக் காரணம் புரியாவிட்டாலும் ஏதோ உறுத்தும்.

மனநிலையைக் குறிப்பில் எழுதவே கூடாது என்று சிலர் கண்டிப்பாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'புருவம் சற்று உயர்ந்திருக்கிறது, உதடு இறுகியிருக்கிறது, கன்னத் தசை துடிக்கிறது' என்று ஓவியரின் தொழிலை ஓவியருக்கே கற்பிப்பதைவிட, 'சூசைக்குப் பயம்தான். ஆனாலும் வேலையை விட்டுவிட்டு ஓடுகிறவர் அல்லர்' என்று ஒரே வரி எழுதினால், அந்த முகத்தை அவர் உங்களைவிட நன்றாகக் கண்டுபிடிப்பார். முகத்துக்குக் காரணத்தைக் கொடுங்கள், தசைக் கணக்கு வேண்டாம்.

ஆறாம் படி: யாருடைய இடம், யாருடைய வலம்

'சூசையின் இடப்பக்கம்' என்றால் சூசைக்கு இடமா, பார்க்கிற நமக்கு இடமா? சூசை நம்மைப் பார்த்து நிற்கும்போது இரண்டும் நேர் எதிர். ஆகவே 'படத்தின் இடப்பக்கம்' என்றே எப்போதும் எழுதுவது என்று முடிவுசெய்து, அதை ஸ்கிரிப்டின் முதல் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

தமிழ் இடமிருந்து வலமாக வாசிக்கப்படுவதால், முதலில் பேசுகிறவர் படத்தின் இடப்பக்கத்தில் இருப்பதே எளிது. வலப்பக்கம் இருப்பவர் முதலில் பேசினால், அவருடைய வசன பலூனை மேலே ஏற்றி, மற்றவருடையதைக் கீழே இறக்கி, வால்களைக் குறுக்கே வளைத்து வித்தை காட்ட வேண்டியிருக்கும். இருவர் உரையாடும் காட்சியில் அவர்களுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, கடைசிவரை அந்தக் கோட்டின் ஒரே பக்கத்திலிருந்து பாருங்கள். கோட்டைத் தாண்டினால் ஆட்கள் இடம் மாறிவிட்டதுபோலத் தெரியும்.

ரயிலுக்கும் இதே கவனம் தேவை. பாம்பன் மேற்கே, தனுஷ்கோடி கிழக்கே. நாம் தெற்கில் நின்று வடக்கே பார்ப்பதாக வைத்துக்கொண்டால், ரயில் படத்தின் இடமிருந்து வலமாக வரும். பின்னணியில் வங்கக் கடல் இருக்கும். இந்த ஒரு வரியைக் காட்சியின் தலைப்பில் எழுதிவிட்டால், சூசை ரயிலை எதிர்பார்த்துப் பார்க்கும்போதெல்லாம் படத்தின் இடப்பக்கம்தான் பார்ப்பார் என்பது தானாக முடிவாகிவிடும்.

ஏழாம் படி: வசனத்துக்கும் இடம் வேண்டும்

ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 35 சொற்களுக்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்க காமிக்ஸ் எழுதுகிறவர்களிடையே வழங்கிவரும் பழைய கணக்கு. அது ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு. 'வந்துகொண்டிருக்கிறார்களாம்' என்பது நமக்கு ஒரே சொல். முட்டை வடிவப் பலூனின் மேல் வரியிலும் கீழ் வரியிலும் அது அடங்காது, நடு வரியில் உட்கார்ந்துகொண்டு பலூனையே அகலமாக்கிவிடும். நான் ஒரு கட்டத்துக்கு இருபது சொல், இரண்டு பலூன் என்று வைத்துக்கொள்கிறேன். பேச்சுத் தமிழில் எழுதினால் 'வந்துட்டிருக்காங்களாம்' என்று கொஞ்சம் சுருங்கும். பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்பதை முதல் பக்கத்துக்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள்; ஓவியர் வரைந்தபின் மாற்றினால் பலூனின் அளவு மாறும்.

வசனத்தை ஓவியருக்கு அனுப்பாமல் குறிப்பை மட்டும் அனுப்புவது வீண் வேலை. பேசப்படுவது என்னவென்று தெரியாமல் முகத்தை வரைய முடியாது, பலூனுக்கு இடம் விடவும் முடியாது. ஓவியர் தமிழ் அறியாதவராக இருந்தால், அவருக்குத் தெரிந்த மொழியில் பொருளையும், தமிழ் வசனம் எத்தனை வரி வரும் என்ற அளவையும் கொடுங்கள்.

எட்டாம் படி: பார்த்து வரைவதற்கான மாதிரிப் படங்கள்

இந்த இடத்தில்தான் வரலாற்றுக் கதைகள் பெரும்பாலும் சறுக்குகின்றன. முதல் வாக்கியத்தில் நான் 'அரிக்கேன் விளக்கு' என்று எழுதியதே ஒரு பிழை. ரயில்வே ஊழியர் சிக்னல் காட்டுவதற்கு எடுத்துச்செல்வது, கண்ணாடி வில்லை பொருத்திய, உள்ளே நிறம் மாற்றிச் சிவப்பும் பச்சையும் காட்டக்கூடிய மண்ணெண்ணெய்க் கைவிளக்கு. அரிக்கேன் என்று எழுதினால் ஓவியர் வீட்டுத் திண்ணை விளக்கைத்தான் வரைவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

'பாம்பன் பாலம்' என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். இணையத்தில் தேடினால் 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் வரும். 2025இல் திறக்கப்பட்ட, நடுப்பகுதி செங்குத்தாக மேலே உயரும் புதிய ரயில் பாலம் வரும். இரண்டு இறக்கைகள் மேல்நோக்கி விரியும் 1914ஆம் ஆண்டின் பழைய ரயில் பாலமும் வரும். 1964இல் இருந்தது இந்தக் கடைசிப் பாலம் மட்டுமே. பழைய பாலத்தின் படங்களிலும் பலவற்றில் பக்கத்திலேயே சாலைப் பாலம் தெரியும். ஆகவே 'பக்கத்தில் வேறு பாலம் கிடையாது, வெறும் கடல்தான்' என்று எழுதியாக வேண்டும். தண்டவாளமும் அப்படித்தான். இன்று அந்தத் தடத்தில் இருப்பது அகலப் பாதை. அது 2007இல்தான் மாற்றப்பட்டது. 1964இல் இருந்தது ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர்கேஜ், அதன்மேல் நீராவி எஞ்சின், தலைக்குமேல் மின்கம்பி எதுவும் இல்லை. தனுஷ்கோடி நிலையமும் தேவாலயமும் இன்று இடிபாடுகளாகத்தான் படங்களில் கிடைக்கின்றன. அவற்றை அப்படியே வரைந்தால், புயல் வருவதற்கு முன்பே ஊர் அழிந்துகிடக்கும். 'இடிபாட்டிலிருந்து சுவரின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கூரையும் கதவும் முழுமையாக இருக்கின்றன, உள்ளே விளக்கெரிகிறது' என்று குறிப்பில் தனியே சொல்ல வேண்டும்.

படங்களை அனுப்பும்போது வள்ளல் ஆகிவிடாதீர்கள். ஒருமுறை நான் நாற்பது படங்களை ஒரே கோப்புறையில் போட்டு அனுப்பினேன்; எதில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் ஓவியர் எதையுமே பார்க்கவில்லை. இப்போது ஒரு காட்சிக்கு நான்கைந்து படங்கள்தான் அனுப்புகிறேன். ஒவ்வொன்றின் கீழும் 'இதில் கூரையின் சரிவு', 'இதில் எஞ்சினின் முன்விளக்கு மட்டும்' என்று ஒரு வரி இருக்கும்.

ஒன்பதாம் படி: புரட்டும் கையை நினைவில் வையுங்கள்

அச்சுப் புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கங்கள் வலப்பக்கத்தில் அமைகின்றன. வாசகர் தாளைப் புரட்டுவது அவற்றின் கடைசிக் கட்டத்துக்குப் பிறகுதான். எதிரெதிர் பக்கங்களை ஒரே பார்வையில் கண் மேய்ந்துவிடும் என்பதால், திடுக்கிட வைக்கும் படத்தை வலப்பக்கத்தில் வைத்தால் இடப்பக்கத்தைப் படிக்கும்போதே அது தெரிந்துபோகும். கேள்வி ஒற்றைப்படைப் பக்கத்தின் கடைசிக் கட்டத்திலும், விடை அடுத்த இரட்டைப்படைப் பக்கத்தின் முதல் கட்டத்திலும் இருக்கட்டும். கைப்பேசிக்கு மட்டும் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் ஒவ்வொரு திரைக்கும் தனியே கணக்குப் போட வேண்டும்.

ஒரு முழுப் பக்கம்

இதுவரை சொன்னவற்றை வைத்து எழுதிய பக்கம் இது.

பக்கம் 7. வலப்பக்கம். ஐந்து கட்டங்கள். 22 டிசம்பர் 1964, நள்ளிரவு, தனுஷ்கோடி ரயில் நிலையம். இந்தக் காட்சி முழுவதும்: காற்றும் மழையும் படத்தின் வலமிருந்து இடமாக. ரயில் வரவேண்டிய திசை படத்தின் இடப்பக்கம். மின்விளக்கு எதுவும் எரியவில்லை.

கட்டம் 1. லாங் ஷாட். பக்கத்தின் அகலம் முழுவதும், உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. இருட்டில் நிலையக் கட்டடம். ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் மங்கிய வெளிச்சம். தந்திக் கம்பம் ஒன்று இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஆட்கள் இல்லை, வசனம் இல்லை.

கட்டம் 2. மிட் ஷாட், அறைக்குள். படத்தின் இடப்பக்கம் சூசை, நின்றுகொண்டிருக்கிறார். வலப்பக்கம் ஸ்டேஷன் மாஸ்டர், நாற்காலியில், தொலைபேசியைக் காதில் வைத்திருக்கிறார். இருவருக்கும் நடுவே மேசைமேல் சூசையின் சிக்னல் கைவிளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அறையின் வெளிச்சம் முழுவதும் அதிலிருந்தே வருகிறது.
சூசை: பாம்பன்ல எடுத்தாங்களாய்யா?
ஸ்டேஷன் மாஸ்டர்: லைன் செத்துக் கெடக்கு, சூசை.

கட்டம் 3. குளோஸ்-அப். சிறிய கட்டம். கைவிளக்கின் பிடியைப் பற்றியிருக்கும் சூசையின் வலக்கை. வேறு எதுவும் இல்லை.

கட்டம் 4. லாங் ஷாட், உயரத்திலிருந்து. தண்டவாளத்தின்மேல் குனிந்திருக்கும் சூசை மிகச் சிறியவராகத் தெரிகிறார். விளக்கின் வெளிச்ச வட்டத்துக்குள் தண்டவாளம் தெரிகிறது. வட்டத்தின் இடது ஓரத்தில் தண்டவாளம் தண்ணீருக்குள் மறைந்திருக்கிறது. வசனம் இல்லை.

கட்டம் 5. குளோஸ்-அப். சூசையின் முகம், வெளிச்சம் கீழிருந்து. பார்வை படத்தின் இடப்பக்கம். கேட்டது உண்மைதானா என்று அவருக்கே சந்தேகம்.
ஓசை (படத்தின் இடது ஓரத்தில், மெல்லிய சிறிய எழுத்தில்): ஊஊஊஊ...
சூசை: விசில்தானே அது?

மூன்றாம் கட்டத்தில் கதவையும் மழையையும் நான் சொல்லவில்லை. நான்காம் கட்டத்தில் சூசை வெளியே இருப்பதே போதும். விளக்கை இரண்டாம் கட்டத்திலேயே மேசைமேல் வைத்து, அறையின் ஒரே வெளிச்சமாக்கியதால், சூசை அதை எடுக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் இருட்டில் விடப்படுகிறார் என்பதை ஓவியர் விரும்பினால் பயன்படுத்திக்கொள்ளலாம். அந்த விசிலுக்கும் ஆதாரம் உண்டு: சிக்னல் கிடைக்காமல் நின்ற ரயிலை, ஓட்டுநர் நீண்ட விசில் கொடுத்துவிட்டு முன்னே நகர்த்தினார் என்றே அந்த இரவைப் பற்றிய செய்திகளில் சொல்லப்படுகிறது. எட்டாம் பக்கம் முழுவதும் ஒரே படம்; புரட்டினால்தான் தெரியும்.

பத்தாம் படி: விட்டுக்கொடுங்கள், ஆனால் எதையென்று சொல்லிவிடுங்கள்

1960களில் மார்வெல் நிறுவனத்தில் பழகிய முறையில், எழுத்தாளர் கதைச் சுருக்கத்தை மட்டும் கொடுப்பார். கட்டங்களைப் பிரித்து வரைவது ஓவியரின் பொறுப்பு. வரைந்த பக்கங்கள் வந்தபின் எழுத்தாளர் வசனம் எழுதுவார். கட்டம் கட்டமாக முழு ஸ்கிரிப்ட் எழுதுவது இன்னொரு முறை. சண்டைக் காட்சிகளுக்கு முதல் முறையும், துப்பறியும் காட்சிகளுக்கு இரண்டாம் முறையும் பொருந்தும் என்பது என் அனுபவம். ஒரே ஸ்கிரிப்டுக்குள் இரண்டையும் கலந்தும் எழுதலாம். எதுவானாலும், மாற்றக் கூடாதவற்றை மட்டும் அடிக்கோடிட்டுவிடுங்கள். மேலே உள்ள பக்கத்தில் என் அடிக்கோடுகள் இரண்டே: இரண்டாம் கட்டத்தில் மேசைமேல் விளக்கு, நான்காம் கட்டத்தில் தண்ணீருக்குள் மறையும் தண்டவாளம். மற்றக் கோணங்களை ஓவியர் மாற்றினால் நான் கேட்கமாட்டேன்.

அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே தீப்பெட்டி அளவுக் கட்டங்களில், குச்சி உருவங்களாக வரைந்து பாருங்கள். வரையத் தெரியவேண்டிய அவசியமில்லை. வசனம் இடிக்கும் இடமும், ஒரே கட்டத்தில் இரண்டு சூசைகள் தேவைப்படும் இடமும் அப்போது தாமாகவே தெரிந்துவிடும். அந்தக் கிறுக்கலை ஓவியருக்கு அனுப்பாதீர்கள். பார்த்துவிட்டால் அவர் கை அதையே வரையத் தொடங்கிவிடும்.

ஓவியர் முதலில் அனுப்பும் சிறு வரைவுகளைப் பார்த்து, மாற்றங்களை அந்த நிலையிலேயே சொல்லிவிடுங்கள். மைபூசியபின் சொல்லும் மாற்றத்துக்கு அவர் ஒரு முழு நாளை இழக்க நேரிடும். கடைசியாக, வரைந்த பக்கம் வந்ததும் ஸ்கிரிப்டைத் திறந்து வசனத்தை மறுபடி படியுங்கள். ஏழாம் பக்கத்தின் ஐந்தாம் கட்டம் வந்து சேர்ந்தபோது, சூசையின் தலை இடப்பக்கம் திரும்பியிருந்த விதத்திலேயே அந்தக் கேள்வி இருந்தது. 'விசில்தானே அது?' என்ற பலூனை எடுத்துவிட்டேன்.